அவர் காலி செய்யாத அறை

எங்கள் நிறுவனத்தில் யாருக்கு எந்த அறை, எந்த ஆய்வுக்கூடத்தில் யாருக்கு எவ்வளவு மேசை, எந்தச் சாவி யாரிடம் இருக்கிறது என்பதெல்லாம் என் பொறுப்பு. அலுவலகக் குறிப்புகளில் இந்த வேலைக்கு 'இட ஒதுக்கீடு' என்று பெயர். ஒலக்கூர்ப் பக்கத்துக் காலனியில் பிறந்த எனக்கு அந்தச் சொல் பள்ளிக்கூடத்திலேயே பழக்கமானது. சேர்ந்த புதிதில் டீ குடிக்கும் இடத்தில் ஒருவர் சிரித்துக்கொண்டே கேட்டார், "நீங்க எந்த ஒதுக்கீட்டுல வந்தீங்க?"

"எதுல வந்தா இன்னாங்க, இப்ப ஒதுக்குறது நாந்தான்" என்றேன். அதற்குப் பிறகு அவர் என்னிடம் சிரிப்பதைக் குறைத்துக்கொண்டார். எங்கள் வீட்டில் பாட்டன் பூட்டன் காலம்தொட்டு யாருக்கும் ஒரு சென்ட் நிலம் இருந்ததில்லை. அந்த வம்சத்துப் பெண் டாக்டர் பட்டம் வாங்கியவர்களுக்கு இடம் பிரித்துக் கொடுக்கிறாள் என்று என் அண்ணன் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தான்.

குடியிருப்பது விழுப்புரத்தில். காலையில் திண்டிவனம் பஸ்ஸில் ஏறி, ஊர் வருவதற்கு முன்பே இறங்கி, ஏரிக்கரை ஓரமாக நடந்தால் நிறுவனம் வந்துவிடும். ஒரு அறக்கட்டளை நடத்துகிற சின்னப் பயிர் ஆராய்ச்சி நிறுவனம். கட்டடம் பழசு, ஆட்கள் அதிகம். பதவி உயர்வு தள்ளிப்போனால்கூடப் பொறுத்துக்கொள்கிறவர்கள், மேசையில் ஒரு முழம் குறைந்தால் பொறுக்க மாட்டார்கள். பக்கத்து அறைக்காரரின் பீரோ வராந்தாவில் ஒரு சாண் நீட்டிக்கொண்டிருக்கிறது என்று எழுதிக் கொடுத்தவர்கள் உண்டு.

தரைத்தளத்தில் கிழக்குக் கோடியில் ஓர் ஆய்வுக்கூடம். நான் வேலைக்கு வருவதற்கு முன்பிருந்தே அதில் இருந்தவர் மண்டகப்பட்டுப் பக்கத்து விவசாயக் குடும்பத்தைச் சேர்ந்தவர். நிலக்கடலையில் பிடிக்கும் ஒரு மஞ்சள் பச்சைப் பூசணத்தைத்தான் வாழ்நாள் முழுக்க ஆராய்ந்தார். அந்தப் பூசணம் கக்குகிற நஞ்சு கண்ணுக்குத் தெரியாது, நாக்குக்கும் தெரியாது, நாள்பட ஈரலைக் கெடுக்கும். கட்டுரைகளில் நிலக்கடலை என்று எழுதுவார். பேச்சில் மல்லாட்டைதான். ஆனால் ஒரு பருப்பை வாயில் போட்டு நான் பார்த்ததில்லை. வேர்க்கடலைச் சட்னி இருக்கிறதென்றால் கேண்டீனில் இட்லியைத் தொட மாட்டார்.

எனக்கும் அவருக்கும் ஓயாத வழக்கு ஒன்று இருந்தது. ஊர் ஊராகப் போய்க் கடலை மாதிரிகளை வாங்கிவருவார். அவற்றை வைக்க அவர் அறைக்குப் பக்கத்திலிருந்த சின்ன அறையைக் கேட்டார். இடங்களை முடிவு செய்கிற கமிட்டி அதைக் கம்ப்யூட்டர் சர்வருக்குக் கொடுத்துவிட்டது. ஒவ்வொரு கமிட்டிக்கும் மறுபடி மனு போடுவார், ஒவ்வொரு முறையும் இல்லை என்கிற பதிலை நான் எடுத்துக்கொண்டு போவேன்.

என் அறைக்கு வந்தால் சாவிக்கொத்தால் கதவு நிலையில் தட்டிவிட்டுத்தான் உள்ளே வருவார். "இன்னாங்க மேடம், ஒரு பீரோ வெக்கிற எடம் கேட்டா, மெட்ராஸ்ல பிளாட்டு கேட்ட மாதிரி பாக்குறீங்களே?"

"நானா சார் இல்லன்றேன்? கமிட்டி சொல்லுது."

"கமிட்டிக்கு மூஞ்சி கெடையாது. எனக்குத் தெரிஞ்சது உங்க மூஞ்சிதான்."

கோபமாகச் சொல்லமாட்டார். சொல்லிவிட்டு உட்கார்ந்து என் பேரப்பிள்ளையைப் பற்றி விசாரிப்பார். கடைசி சில வருஷங்களாக அந்த மனு வருவது நின்றுபோயிருந்தது. அலுத்துப்போய் விட்டுவிட்டார் என்று நினைத்தேன்.

ஐப்பசி மழையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, திண்டிவனத்தில் தன் வீட்டில் காபி குடித்துக்கொண்டிருந்தவர் தம்ளரோடு சாய்ந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது.

கருமாதி முடிவதற்கு முன்பே அந்த அறையைக் கேட்டு மனுக்கள் வர ஆரம்பித்தன. இரங்கல் கூட்டத்தில் எனக்குப் பக்கத்தில் நின்ற ஒருவர், அஞ்சலிக்குத் தலை குனிந்தபடியே, "கெழக்கு வெளிச்சம் இருக்கிற ரூம் மேடம், மறந்துடாதீங்க" என்றார். இது எங்கள் நிறுவனத்துக்குப் புதிதில்லை. ஆனால் அன்றைக்கு நான் அவரைவிட்டுத் தள்ளிப்போய் நின்றுகொண்டேன்.

மார்கழியில் அதைப் பூச்சியியல் பிரிவுக்காரருக்குக் கொடுத்தோம். சுவருக்குப் புதுப் பெயிண்ட், தரைக்குப் பினாயில், எல்லாம் செய்துதான் கொடுத்தோம். ஒரு மாதம்கூட ஆகவில்லை, சாவியைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார்.

"எனக்குப் பழைய எடமே போதும்."

"அங்க வெளிச்சமே இல்லன்னீங்களே."

ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார். "வேற ஒண்ணும் இல்ல மேடம். மேல சத்தம் கேக்குது. மல்லாட்டை ஒடைக்கிற மாதிரி."

எலியாக இருக்கும் என்று பொறி வைக்கச் சொன்னேன். எதுவும் விழவில்லை. பெருக்க வருகிற அம்மாவிடம் விசாரித்தபோது அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "உசுரோட இருக்கச்சொல்லோ ஒரு கொட்டை வாயில போட்டதில்ல. இப்ப ஒக்காந்து உரிச்சிக்கினு இருக்காருங்க. நான் அந்த ரூம வாசலோட கூட்டிட்டு வந்துடறேன், என்னைய வேலைய வுட்டு எடுத்தாலும் சரி."

நான் பேய் பிசாசு நம்புகிறவள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிறவள். ஆனால் அந்தத் தை, மாசி மாதங்களில் எனக்கும் ஒன்று ஆரம்பித்தது. மத்தியானம் கரண்ட் போனால் கட்டடத்திலுள்ள ஏ.சி., ஃபிரிட்ஜ் எல்லாம் ஒருசேர நின்றுவிடும். அந்த அமைதியில் என் கதவு நிலையில் சாவிக்கொத்து தட்டுகிற சத்தம் கேட்கும். ஒரு நாள் தலை நிமிராமலே "வாங்க சார்" என்று சொல்லிவிட்டேன். எதிரே உட்கார்ந்து பில் சரிபார்த்துக்கொண்டிருந்த குமாஸ்தா வாசலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி பில்லைப் பார்த்துக்கொண்டார்.

அந்தச் சமயத்தில் கோலியனூரிலிருந்து ஒரு இளம் பெண் விஞ்ஞானியாகச் சேர்ந்திருந்தாள். வேர்களில் வாழும் நுண்ணுயிர்களைப் பற்றி ஆராய்ச்சி. அவளுக்குக் கொடுக்க இடமில்லாமல் வராந்தாவில் ஒரு மேசையைப் போட்டு உட்காரவைத்திருந்தோம். போகிறவர் வருகிறவரெல்லாம் அவள் முதுகில் இடித்துக்கொண்டு போவார்கள். கிழக்குக் கோடி அறையைப் பற்றிச் சொல்லி, அதைச் சுற்றி நடக்கும் பேச்சையும் மறைக்காமல் சொன்னேன்.

"ஒரே ரூமுல ஒம்போது பேரு படுத்துக்கினு வளந்தவ மேடம் நான். கூட ஒருத்தரு இருந்தா எனக்கு இன்னா?" என்றாள்.

சாவியை வாங்கிக்கொண்டு போனவள் அன்று சாயங்காலமே மேசைகளைத் தானே துடைத்து, வாசலில் ஒரு சின்னக் கோலமும் போட்டுவிட்டாள்.

அவள் வேலை இப்படி: கண்ணாடித் தட்டுகளில் நுண்ணுயிர்களுக்கான உணவைக் கூழாக ஊற்றி, அதில் தன் நுண்ணுயிரைத் தடவி வளர்க்கவேண்டும். சில நாளில் அது வெள்ளையாக முளைத்து வரும். அவளுக்கு வரவில்லை. திறந்து பார்த்தால் தட்டு முழுக்க மஞ்சள் பச்சைப் பூசணம். மறுபடி ஊற்றினாள், மறுபடியும் அதே. கையுறை மாற்றினாள், விளக்கு மாற்றினாள், தண்ணீரை மாற்றினாள். அறை முழுவதையும் மூடி, கிருமி சாகட்டும் என்று ஃபார்மலின் புகை போட்டோம். கண்ணெரிச்சலில் அந்தப் பக்கமே இரண்டு நாள் யாரும் போகவில்லை. புகைக்குப் பிறகு வைத்த முதல் தட்டு சுத்தமாக இருந்தது. அடுத்த வாரம் பூசணம் திரும்பி வந்தது.

ஒரு மத்தியானம் என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். பதவி உறுதியாகிறதா என்று பார்க்கிற காலம் அவளுக்கு. காட்ட ஒரு முடிவும் கையில் இல்லை. முகம் வாடிப்போயிருந்தது. விளக்கு வெளிச்சத்தில் ஒரு தட்டைத் தூக்கிப் பிடித்தாள். பட்டுத் துணி போல மெத்தென்று, ஓரத்தில் வெள்ளை, நடுவில் மஞ்சள் கலந்த பச்சை. அழகாக இருந்தது என்றுதான் சொல்லவேண்டும்.

"ஜீன் பாத்துட்டேன் மேடம். இது வெளியேருந்து வந்தது இல்ல. சாரோட பூசணம். அவுரு பேப்பர்ல எழுதியிருக்கிற அதே ரகம்."

அப்போது மேலே சத்தம் கேட்டது. மல்லாட்டை ஓடு உடைகிற மாதிரி, சன்னமாக. இருவரும் அண்ணாந்து பார்த்தோம். வெள்ளைப் பலகைகள் அடித்த ஃபால்ஸ் சீலிங். உடைபட்ட சத்தம் நின்று, எதுவோ உருண்டு போகிற சத்தம் கேட்டு, அதுவும் நின்றது.

"தெனமும் இப்படித்தாங்க" என்றாள். "பயம் கெடையாது. ஆனா அவுரு காலி பண்ணலன்னு மட்டும் தெரியுது."

அன்று பஸ்ஸில் விழுப்புரம் திரும்பும்போது என் புடவைத் தலைப்பை மோந்து பார்த்தேன். அந்த அறையில் அடித்த ஈரக் கோணியின் வாசனை வந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் கூடை நிறைய மல்லாட்டைச் செடி வைத்திருந்தாள், அந்த வாசனையாகவும் இருக்கலாம். வீட்டுக்குப் போய்ப் பேரன் ஓடிவந்தபோது என்னவோ ஒரு தயக்கம், அவனைத் தூக்காமல் நின்றேன்.

அடுத்த ஐப்பசி வந்தது. அந்தக் கோடிக்கு மேலே மாடி அறை கிடையாது, மொட்டைமாடிதான். அதிலிருந்து தண்ணீர் இறங்கி அந்த அறையின் சீலிங்கில் ஒரு மூலை ஊறிப்போனது. எலக்ட்ரீஷியன் ஏணி போட்டு ஏறி ஒரு பலகையை மேலே தள்ளினார். ஒரு நிமிஷம் அவர் தலை உள்ளே இருந்தது. இறங்கியபோது புருவத்திலும் மீசையிலும் மஞ்சள் பச்சைத் தூள். நல்லவேளையாக அந்தப் பெண் அவரை முகமூடி போட்டுக்கொண்டு ஏறச் சொல்லியிருந்தாள்.

"மேல பரண் ஒண்ணு கீதுங்க" என்றார். "ஃபுல்லா பையிங்க."

பழைய கட்டடத்தில் அந்தச் சுவரையொட்டி ஒரு சிமெண்ட் பரண் இருந்திருக்கிறது. ஏ.சி. போட்டபோது சீலிங் வந்து அதை மறைத்துவிட்டது. என்னிடமுள்ள வரைபடத்தில் அப்படி ஒன்று இல்லை. தரையை மட்டும் அளந்து கொடுக்கிற ஆள் நான், தலைக்கு மேலே இருந்த இடம் எனக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்திருக்கிறது. கொடுக்காத இடத்தை அவர் தானாகவே எடுத்துக்கொண்டார், மனு நின்றுபோனது அதனால்தான். ஏணி போட்டு ஏறி, பலகையை நகர்த்தி, ஊர் ஊராகச் சேர்த்த கடலையெல்லாம் அங்கே அடுக்கியிருக்கிறார். அவர் இருந்தவரை கடலையைக் காயவைத்து, பைகளை இறுகக் கட்டிப் பாதுகாத்திருப்பார். அவர் போன பிறகு மழை இறங்கியது, அணில் ஓட்டை போட்டது, பூசணம் பைகளை விட்டு வெளியே வந்தது. ஏ.சி. காற்று அதை மெதுவாகக் கீழே தூவிக்கொண்டே இருந்திருக்கிறது.

தலையிலிருந்து கால்வரை மூடிக்கொண்டு ஆட்கள் பைகளை இறக்கினார்கள். நானும் முகமூடி போட்டுக்கொண்டு வாசலில் நின்றேன். ஒவ்வொரு பையிலும் அவர் கையெழுத்தில் ஊர்ப்பெயர். ஒன்றில் எங்கள் ஊர்ப்பெயர் இருந்தது. அந்த ஊர்க் கொல்லைகளில்தான் என் அம்மா கூலிக்குக் களையெடுத்தாள். அவர் அங்கே போனதாக என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. போனாரே, எங்கள் தெருப்பக்கம் வந்தாரா, யார் வீட்டிலாவது தண்ணீர் வாங்கிக் குடித்தாரா என்றெல்லாம் அந்த இடத்தில் நின்றுகொண்டு யோசித்தேன். கேட்க ஆள் இல்லை.

எல்லாவற்றையும் நீராவியில் அவித்து, பிறகு எரித்துவிட வேண்டும் என்று இயக்குநர் உத்தரவு போட்டார். அதற்கு முன் இறந்தவரின் மனைவிக்கு ஒருமுறை சொல்லிவிடலாம் என்று போன் செய்தேன். திண்டிவனத்தில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். கணவருடைய பொருட்களை எடுத்துப்போகச் சொல்லி ஒரு வருஷமாகக் கூப்பிட்டும் வராதவர், எரிக்கப்போகிறோம் என்றதும் மறுநாளே வந்துவிட்டார்.

அறைக்குள் போகும்போது அவருக்கும் முகமூடி கொடுத்தோம். கொஞ்ச நேரம் நின்று பைகளைப் பார்த்தார். பிறகு கணவருடைய நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்து முகமூடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். அந்த இளம் பெண் பதறி ஓர் அடி முன்னால் வந்தாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"இன்னா வாசனைம்மா இது?" என்று டீச்சர் கேட்டார்.

"பூசண வாசனைங்க."

"ஓ. இதான் அதுவா."

ஆழமாக ஒரு மூச்சு இழுத்தார். பிறகு எங்கள் யாரையும் பார்க்காமல் பேசினார். "கல்யாணம் ஆன நாள்லேருந்து அவுரு வீட்டுக்குப் பின்பக்கமாத்தான் வருவாரு. கெணத்தடியில குளிச்சிட்டு, துணிய வெந்நீர்ல ஊறப்போட்டுட்டு அப்பறந்தான் உள்ள கால் வெப்பாரு. பொண்ணு கொழந்தையா இருக்கச்சொல்லோ, குளிச்சிட்டு வந்தும் தூக்கறதுக்கு யோசிப்பாரு. ஈரல திங்கிற வெஷம், ஒரு தூசிகூட வீட்டுக்குள்ள வரக்கூடாதுன்னுவாரு. இங்கேருந்து ஒரு குண்டூசி கொண்டாந்ததில்ல."

டீச்சர் முகமூடியின் நாடாவை விரலில் சுற்றிக்கொண்டார்.

"செத்தவங்க துணிய மோந்து பாத்தா அவங்க வாசனை இருக்கும்னு சொல்றாங்க. நானும் பீரோவத் தொறந்து பாத்தேன். சோப்பு வாசனைதான் வருது. தலைகாணியில இல்ல, சட்டையில இல்ல. வீட்டுல அவுரு இல்லவே இல்லீங்க. எங்க போனாருன்னு ஒரு வருஷமா தேடிக்கினு இருந்தேன். எல்லாத்தையும் இங்கயே வுட்டுட்டுப் போயிருக்காரு."

அந்த இளம் பெண் அழுதுவிட்டாள். அலமாரியிலிருந்து மெழுகு வைத்து மூடிய ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயை எடுத்து வந்தாள். அவருடைய பூசணத்தைச் சுத்தப்படுத்தி, நிறுவனத்தின் சேமிப்பில் வைப்பதற்காக உறைநிலையில் உலர்த்தி எடுத்தது. "இத எப்பவும் வெச்சிருப்போம் டீச்சர். உங்களுக்கு வேணும்னா இன்னொண்ணு பண்ணித் தர்றேன். தொறக்காத வரைக்கும் ஒண்ணும் செய்யாது" என்றாள். விதிப்படி அப்படித் தர முடியாது. நான் வாய் திறக்கவில்லை.

டீச்சர் குழாயை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"வேணாம்மா. அவுரு கொண்டாராதத நான் எடுத்துக்கினு போறது சரியில்ல."

அன்று சாயங்காலம் பைகள் எல்லாம் எரிந்தன. புகை ஏரிப் பக்கமாகப் போயிற்று. பெருக்குகிற அம்மா தூரத்தில் நின்று கும்பிட்டாள்.

பரணைச் சுரண்டி, சீலிங்கைப் பிரித்து, சுண்ணாம்பு அடித்தோம். அப்படியும் நுண்ணுயிர் வளர்க்கிற அளவுக்கு அந்த அறை சுத்தமாகாது என்று அந்தப் பெண் சொன்னாள். நூற்றில் ஒரு தட்டு போனாலும் அவள் வேலை போச்சு. கமிட்டி கூடியது. வேறு இடம் இல்லை, அவள் வராந்தாவுக்கே திரும்பட்டும் என்றார்கள். இல்லை என்கிற அந்தப் பதிலை எழுதப் பேனாவை எடுத்தவள், எழுதாமல் கீழே வைத்தேன்.

"மாடியில என் ரூம் இருக்குது சார்" என்றேன் இயக்குநரிடம். "சுவருக்கு டைல்ஸ் இருக்கு, தண்ணிக் குழாய் இருக்கு. அந்தப் பொண்ணுக்குக் குடுத்துடலாம். நான் கெழக்குக் கோடிக்குப் போறேன்."

"நீங்க அங்கயா? யோசிச்சுதான் சொல்றீங்களா?"

"பேப்பருக்குப் பூசணம் புடிச்சா ஆராய்ச்சி கெடாதுங்க."

அவர் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். அறைக்காரர்கள் என்னை வினோதமாகப் பார்த்தார்கள். இந்தக் கட்டடத்தில் தன் இடத்தைத் தானாக விட்டுக் கொடுத்த ஆள் அதற்கு முன் இல்லை.

சில வாரம் கழித்து அந்தப் பெண் படியிறங்கி ஓடிவந்தாள். கையில் ஒரு தட்டு. பால் துளி சிந்தின மாதிரி வெள்ளை வெள்ளையாக முளைத்திருந்தது, ஒரு பச்சைப் புள்ளி கிடையாது. அதை என் மேசையில் வைக்கப் போனவள் சட்டென்று நினைவு வந்து வாசலிலேயே நின்று தூக்கிக் காட்டினாள். இப்போது அவள் பதவி உறுதியாகிவிட்டது.

நான் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறேன். வெளிச்சம் நன்றாக இருக்கிறது. அடைமழை நாட்களில், டப்பாவில் மீந்த பிரெட்டை மேசையிலேயே விட்டுவிட்டால் அதன் ஓரத்தில் அந்தப் பச்சை தெரியும். எல்லா வீட்டிலும் பிரெட்டுக்கு அப்படித்தான் என்று சொல்லிக்கொண்டு காகிதத்தில் சுற்றிப் போட்டுவிடுவேன். அணில் இல்லை, மேலே சத்தமும் இல்லை. கரண்ட் போனாலும் கதவில் சாவிக்கொத்து தட்டுவதில்லை. தட்டிவிட்டு உள்ளே வரவேண்டிய அவசியம் அவருக்கு என்ன, இது அவர் அறை.

போன தை மாதம் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் டீச்சரைப் பார்த்தேன். புதுச்சேரியில் இருக்கும் மகள் வீட்டுக்குப் புறப்பட்டு நின்றிருந்தார். முகம் தெளிந்திருந்தது. நலம் விசாரித்துவிட்டு, "அந்த ரூம்ல இப்ப யாரு இருக்காங்க?" என்று கேட்டார்.

"நாந்தாங்க."

என் கையைப் பிடித்துக்கொண்டார். கொஞ்ச நேரம் விடவில்லை. பஸ் வந்து கண்டக்டர் கூப்பிட்ட பிறகுதான் விட்டார். படியில் கால் வைத்தவர் திரும்பி, "ஜன்னலத் தொறந்து வெச்சிக்கோங்க. அவுருக்குக் காத்து உள்ள வரக்கூடாது, எப்பவும் சாத்தியே வெச்சிருப்பாரு. உங்களுக்கு அது ஆவாது" என்றார்.

சரிங்க என்றேன். மறுநாள் போய் ஜன்னல் கொக்கியில் கை வைத்தேன். வெளியே வயலில் பெண்கள் கடலைக்குக் களை வெட்டிக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரம் அவர்களைக் கண்ணாடி வழியாகவே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கொக்கியை எடுக்காமலே நாற்காலிக்கு வந்துவிட்டேன்.